மாப்பிள்ளை கொண்டுவந்த சுள்ளி

அவைக்கு அணியாக, அரங்குக்கு அச்சாணியாக, நடு நாற்காலிக்கே பெருமை தரும் விதமாக வீற்றிருக்கும் எங்கள் தலைவர் ஐயா அவர்களே! அவருக்கு இடப்புறம், உட்கார்ந்த நேரத்தைவிட எழுந்து ஓடிய நேரமே அதிகமாக, விழாவை விறுவிறுப்பாக நடத்திக்கொண்டிருக்கும் செயலாளர் அண்ணன் அவர்களே! வலப்புறம், ஊரையே உறங்கவைக்கும் உன்னதத் தொழிலான மெத்தைத் தொழிற்சாலையை நடத்திவருபவரும், சென்ற ஆண்டு இதே மேடையில் பேசியபோதும் தன் தொழிலை மறக்காதவருமான சிறப்பு விருந்தினர் அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! அழைத்ததும் வந்த அன்பர்களே, அழைக்காமலே வந்த ஆர்வலர்களே, வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்து மாட்டிக்கொண்ட வழிப்போக்கர்களே! ஒலிபெருக்கியின் சுவிட்சுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கும் அண்ணன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, நான் மேடை ஏறியதிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் அருமை மாமியார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம், வணக்கம், வணக்கம்!

"என்ன டாக்டர், வணக்கம் சொல்லியே பொழுத ஓட்டிருவீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு அன்பர் கேட்கிறார். ஓட்டுவேன் ஐயா, ஓட்டுவேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். நான் இந்த ஊரின் கால்நடை மருத்துவர். மாடு, ஆடு, நாய், பூனை எல்லாம் என்னிடம் வருகின்றன. அவற்றில் ஒன்றுகூட இப்படி எழுந்து நின்று கேள்வி கேட்டதில்லை. இந்தச் சங்கத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை என்ன தெரியுமா? பறவைக் குஞ்சுக்குத் தீனி கொடுப்பது. அந்த அறைக்குள் நுழைந்தால் வாயைத் திறக்கக் கூடாது. பேசக் கூடாது, பாடக் கூடாது, தும்மல் வந்தால் வெளியே ஓடிவந்து தும்ம வேண்டும். அப்படி வாய்க்குப் பூட்டுப் போட்டு வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் முன்னால் ஒலிபெருக்கியை வைத்தது யார் குற்றம்? என் குற்றமா? "டாக்டர், வரவேற்புரைதானே, ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துருங்க" என்று என்னை இழுத்துவந்த செயலாளர் அண்ணன் குற்றம்!

நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. அது முடிந்ததும் வாசலில் வரிசைகட்டி நிற்கும் வண்டிகளில் ஏறி எல்லோரும் மலைக்குப் போகிறோம். மலையுச்சியில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு பாறுக் கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு. சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டுவார். வாத்தியக் குழு முழங்கும். கதவு திறக்கும். பறவை வெளியே வரும். அவர் தன் பொற்கரத்தால் அதற்கு ஒரு துண்டு இறைச்சி ஊட்டுவார். படம் எடுப்பார்கள். ஆகா, கேட்கும்போதே எவ்வளவு இனிக்கிறது! அந்த இனிப்பில் அந்தப் பறவை செத்துப்போகும் என்பது ஒன்றுதான் சின்னக் குறை. அந்தச் சின்னக் குறையைப் பற்றிப் பேசத்தான் நான் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன்.

முதலில் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழிந்துவரும் கொன்றுண்ணிப் பறவைகள் பாதுகாப்புச் சங்கம். மூச்சு விடாமல் இதைச் சொல்லத் தெரிந்தவர் செயற்குழுவிலேயே இரண்டொருவர்தான். லாப நோக்கம் அறவே இல்லாத அமைப்பு என்று பெயருக்குக் கீழே போட்டிருக்கிறோம். உண்மைதான், சத்தியமாக லாப நோக்கம் இல்லை. பேர் நோக்கம் உண்டா இல்லையா என்பதை என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தலைவர் சிரிக்கிறார், செயலாளர் சிரிக்கிறார், சிறப்பு விருந்தினர் மெத்தையில் சாய்ந்தபடி சிரிக்கிறார். கடைக்கோடியில், விளக்குக் கம்பம் மறைக்கும் இடத்தில், ஒரு பறவை. அதுவும் எங்கள் பறவை இல்லை! வெள்ளைத் தலையும் பொன்னிற மூக்குமாக மிடுக்காக நிற்கும் அது எந்த நாட்டுக் கழுகோ, யார் கண்டது? பதாகைக் கடைக்காரரிடம் கேட்டேன். "மேடம், நீங்க அனுப்பின படத்தப் பாத்தேன். விசேஷத்துக்கு வைக்கிற மூஞ்சியா அது? அதான் நல்லதா ஒண்ணு நானே போட்டுட்டேன்" என்றார். நல்ல மனிதர். இவ்வளவு அக்கறை யாருக்கு வரும்?

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாறு அழகில்லைதான். தலையில் முடி கிடையாது. நீண்ட கழுத்தில் இறகு கிடையாது. கழுத்தின் அடியில் மட்டும் மப்ளர் சுற்றியதுபோல ஒரு வளையம். செத்த பிராணியைத் தவிர வேறெதையும் தின்னாது. அது எதையும் கொல்வதில்லை என்பதால், எங்கள் சங்கத்தின் பெயருக்கும் அதற்கும் பொருத்தமே கிடையாது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. ஊரின் அழுகலைத் தின்று தீர்த்தது யார்? பாறு. நாய்க்கு நோய் பரவாமல், தண்ணீர் நாறாமல், காற்று கெடாமல் காத்தது யார்? பாறு. அதற்குச் சம்பளம் கேட்டதா? சங்கம் வைத்ததா? மேடையேறி மாலை கேட்டதா? பதிலுக்கு நாம் என்ன கொடுத்தோம்? மாட்டின் வலிக்குப் போட்ட மருந்து, மாடு செத்த பிறகும் அதன் ஈரலில் தங்கிக் கிடந்தது. தின்ற பாறுகள் தின்ற இடத்திலேயே தலை தொங்கி விழுந்தன. வானம் காலியானதும் நமக்குப் பாசம் பொங்கியது. உடனே சங்கம் தொடங்கினோம்!

பாசம்! அந்தப் பாசத்தின் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எங்கள் சங்கத்துக்கு முதன்முதலில் கிடைத்த குஞ்சு, தாய் திரும்பி வராத கூட்டிலிருந்து எடுத்துவந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கும். அதற்குப் பாசத்துக்குப் பஞ்சமா வைத்தோம்? முறைபோட்டு வந்தார்கள். ஒருவர் ஊட்டினார், ஒருவர் தடவிக்கொடுத்தார், ஒருவர் காலையில் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார். பொருளாளர் அக்கா மடியில் போட்டுக்கொண்டு பாடினார். அவர் பாட்டைக் கேட்டும் அது பிழைத்தது என்றால் அதன் உடல்வலிமையை நினைத்துப்பாருங்கள். வேளாவேளைக்கு விருந்து, உட்கார்ந்த இடத்துக்கு உணவு, முகம் கொஞ்சம் கோணினால் வீடே நடுங்கும். இப்படி ஒரு ஜீவனுக்கு மாப்பிள்ளை என்பதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? அதையே வைத்தார்கள்.

நான் அப்போதே சொன்னேன். "அண்ணே, இப்படி வளத்தா அது நம்மளத்தான் பாறுன்னு நெனைச்சுக்கும்" என்றேன். செயலாளர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டாக்டர், பாசத்துக்கு எதிராப் பேசாதீங்க. பொதுக்குழுவுல உங்களத் தப்பா நெனைப்பாங்க" என்றார். நான் தனி ஆள், பாசம் பெரும்பான்மை. பாசம் வென்றது.

மாப்பிள்ளை வளர்ந்தது. பறக்கவிட நாள் குறித்தோம். இதே வண்டிகள், இதே வாத்தியம், இதே மலை. தலைவர் கதவைத் திறந்தார். மாப்பிள்ளை வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. திரும்பவும் கூட்டத்தைப் பார்த்தது. எழும்பி ஒரே ஒரு வட்டம் போட்டது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் இறங்கி வந்து செயலாளர் அண்ணனின் வண்டிக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டது. விரட்டினோம், போகவில்லை. வண்டியை ஓட்டினோம், இறங்கவில்லை. போகும்போது கூண்டுக்குள் உட்கார்ந்து போன பறவை, வரும்போது வண்டிக்கு மேல் உட்கார்ந்து ஊர்வலமாக வந்தது! "பிரிய மனசில்ல பாருங்க!" என்று பொருளாளர் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாறு வெற்றிகரமாக விடுவிக்கப்பட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதினோம். எதன்மீது விடுவிக்கப்பட்டது என்பதை மட்டும் எழுதவில்லை.

பருவம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஜோடி சேரும் ஆசை வந்தது. தன் இனம் எது என்று நினைத்துக்கொண்டிருந்ததோ அந்த இனத்தில்தானே பெண் தேடும்? தேடியது. வழுவழுவென்று முடியில்லாத தலை, கொஞ்சம் வளைந்த மூக்கு, எந்த வெயிலிலும் கழுத்தை விட்டு இறங்காத ஒரு மப்ளர்... ஏன் எல்லோரும் மேடையின் நடுவே பார்க்கிறீர்கள்? நான் இன்னும் யார் என்று சொல்லவே இல்லையே! தலைவர் ஐயா, மன்னிக்க வேண்டும், ஊரே கண்டுபிடித்துவிட்டது.

ஆண் பாறு தன் அன்பை எப்படிச் சொல்லும் தெரியுமா? ஒரு சுள்ளியைக் கொண்டுவந்து ஜோடியின் முன்னால் வைக்கும். வா, கூடு கட்டுவோம் என்று அர்த்தம். தலைவர் வீட்டுப் பால்கனியில் தினமும் ஒரு சுள்ளி வந்து விழுந்தது. தலைவர் செய்தித்தாள் படித்தால் மடியில் ஒரு சுள்ளி. பல் தேய்த்தால் தோளருகே ஒரு சுள்ளி. தலைவரின் துணைவியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் வாசற்படியில் நின்று கேட்டே விட்டார்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க எனக்கு ஒரு மொழம் பூ வாங்கிட்டு வந்ததில்ல. அது தெனம் குச்சி கொண்டாந்து குடுக்குது. அதுகிட்ட இருக்குற அக்கறை உங்ககிட்ட இருக்கா?" சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நாங்களும் அன்றைக்கு இப்படித்தான் சிரித்தோம். விருந்தினர் வந்தால் பால்கனிக்கு அழைத்துப்போய்க் காட்டிச் சிரித்தோம்.

அது என்ன சத்தம் என்கிறீர்களா? என் கைப்பேசி. பேசும் மேசைமேல் வைத்திருக்கிறேன், அதிர்ந்தால் உங்களுக்கும் கேட்கும். ஒரு செய்தி வந்திருக்கிறது. "இன்னும் இல்ல" என்று இரண்டே சொல். அனுப்பியவர் என் கணவர். அத்தை, எழுந்திருக்காதீர்கள்! "எம்புள்ள எங்கடி? காலையிலேர்ந்து ஆளக் காணோம்" என்று என் மாமியார் கேட்கிறார். நியாயமான கேள்வி. இரும்புப் பட்டறை வைத்திருக்கும் உங்கள் புள்ளை இப்போது எங்கே, என்ன கோலத்தில் இருக்கிறார் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். கேட்டால் கோபப்படக் கூடாது.

மாப்பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறேன். முடிவில் சிரிப்பு இல்லை.

ஒரு நாள் மாப்பிள்ளை பக்கத்து ஊருக்குப் பறந்துபோனது. ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு கைக்குழந்தை பாயில் படுத்திருந்தது. அதன் தகப்பன் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் நம் கூட்டம் எதற்கும் வந்தவர் இல்லை. நம் பதாகையைப் பார்த்தவர் இல்லை. திடீரென்று ஆளுயரத்துக்கு இறக்கையை விரித்துக்கொண்டு ஒரு ராட்சசப் பறவை குழந்தையின் கால்மாட்டில் இறங்குகிறது. என்ன செய்வார்? கையில் கிடைத்த கம்பை எடுத்து ஓங்கினார். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான்.

மதியத்துக்குள் அவரே அந்தப் பறவையைப் போர்வையில் சுற்றி என் மருத்துவமனைக்குத் தூக்கிவந்தார். மூச்சு இல்லை. அந்த மனிதர் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "ஓங்கினா எதுவும் ஓடும்ல டாக்டர்? ஓடும்னு நெனைச்சுத்தான் ஓங்கினேன். இது ஓடல. கிட்ட வந்துச்சு. கிட்ட வந்து அந்தக் கம்ப மூக்கால புடிச்சுது. எனக்குப் பயமாயிருச்சு டாக்டர். அடிச்சுட்டேன்."

புரிகிறதா உங்களுக்கு? தன்னைப் பார்த்ததும் ஒருவர் சுள்ளியை நீட்டுகிறார் என்று அது நினைத்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, கேட்காமலே, ஒருவர் பதிலுக்குச் சுள்ளி நீட்டுகிறார். வாங்கிக்கொள்ளப் போனது. அதைக் கொன்றது அந்தத் தகப்பனின் கம்பு இல்லை. மடியில் போட்டுப் பாடினோமே, அந்தப் பாட்டு கொன்றது. தடவிக்கொடுத்த கை கொன்றது. ஊட்டிவிட்டு எடுத்த படம் கொன்றது. எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

சங்கம் சும்மா இருக்குமா? உடனடியாக இரங்கல் கூட்டம் போட்டது. கண்ணீர் மல்கப் பேசினார்கள். மேடையில் பெரிய படம் வைத்து அதன் முன் பூக்கொத்துகள் வைத்தார்கள். எந்தப் படம்? வெள்ளைத் தலை, பொன்னிற மூக்கு! அதே கடைக்காரர்தான்.

செயலாளர் அண்ணன் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "நேரம்" என்று எழுதி, கீழே அழுத்தமாக ஒரு கோடு. அண்ணே, கோடு நேராக இருக்கிறது, நன்றி. இதோ முடிக்கிறேன் என்று சொல்லி மேடையில் யாராவது முடித்திருக்கிறார்களா? அந்த மரபை நான் மட்டும் மீறலாமா?

இரண்டாவது குஞ்சு கிடைத்தபோது நான் செயற்குழுவில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். இது மனித முகத்தையே பார்க்கக் கூடாது. மனிதக் குரலையே கேட்கக் கூடாது. எப்படி ஊட்டுவது என்று கேட்டார்கள். என் மாமியார் இருக்கிறாரே, அவருடைய பழைய தோல் கைப்பை ஒன்று பரணில் கிடந்தது. அதை அவரே வெட்டித் தைத்துக் கொடுத்தார். பாறின் தலை மாதிரி ஒரு உறை. வளைந்த மூக்கு, கோட்டுப் பொத்தானில் கண், பழைய கம்பளியைக் கிழித்துக் கழுத்து வளையம். பலகைத் தடுப்பில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக அந்த உறையை மாட்டிய என் வலது கை மட்டும் உள்ளே போகும். அந்த மூக்கால் இறைச்சியை எடுத்து ஊட்டும், தலையைக் கோதும், சேட்டை செய்தால் ஒரு தட்டுத் தட்டும். அந்தக் குஞ்சுக்கு என் கைதான் அம்மா. என் முகத்தை அது கண்டதில்லை. முறைப்படி பார்த்தால் அத்தையின் கைப்பை வளர்த்த பிள்ளை அது. அத்தை, உங்களுக்குப் பேரன் முறை! பேரனைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை முறை கேட்டிருப்பீர்கள், நான் உள்ளே விட்டேனா? "பெத்தவகூட இவ்வளவு கெடுபிடி பண்ண மாட்டாடி" என்றீர்கள். உண்மைதான் அத்தை. அன்றைக்கு நான் சிரித்து மழுப்பினேன். கைதான் அம்மா என்று சொல்லிக்கொண்டாலும், அந்த அறையை விட்டு வரும்போது பல நாள் எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை பேசிவிட மாட்டோமா என்று இருக்கும்.

பெயர் வைக்கும் போட்டி நடத்தலாம் என்று செயலாளர் அண்ணன் துடித்தார். வேண்டாம் என்றேன். கூப்பிட ஆளில்லாதவர்களுக்குப் பெயர் எதற்கு? அதற்கு இன்றுவரை பெயர் கிடையாது. சங்கத்தில் எல்லோரும் அது என்றுதான் சொல்கிறோம்.

அந்த அதுதான் இப்போது மலையில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து ஒரு மனித முகத்தைப் பார்க்காத பறவை. இன்றைய நிகழ்ச்சி நிரல்படி அது வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்க்கப்போகும் முகங்கள் எவை? இந்த மேடையிலிருக்கும் முகங்கள்! நான் யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாம் லட்சணமான முகங்கள். ஆனால் பட்டினியாக வெளியே வரும் ஒரு பறவைக்கு முதல் கவளத்தை மனிதக் கை கொடுத்தால் அது என்ன படித்துக்கொள்ளும்? மனிதன் என்றால் சோறு. கோட்டுப் போட்டவன் என்றால் இறைச்சி. பிறகு எந்த முற்றத்தில் இறங்கும்? எந்தத் தகப்பனின் கம்பைப் பார்த்துக் கிட்டே போகும்? இவ்வளவு காலம் நான் வாயை மூடிக்கொண்டு வளர்த்ததை ஒரே ஒரு படத்துக்காக அழித்துவிட வேண்டுமா? இதைத்தான் எழுத்தில் கொடுத்தேன். வாயால் சொன்னேன். "டாக்டர், அழைப்பிதழ் அடிச்சாச்சு" என்று பதில் வந்தது. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டால் அதற்கு மேல் என்ன பேச்சு?

அதனால், பெரியோர்களே, தாய்மார்களே, ஒரு சின்னத் தகவல். கதவு ஏற்கெனவே திறந்தாகிவிட்டது.

அமைதி, அமைதி! நாற்காலியை இழுக்காதீர்கள். ரிப்பன் அப்படியேதான் இருக்கிறது, அது முன்கதவில். என் கணவர் கூண்டைச் செய்யும்போது பள்ளத்தாக்குப் பக்கம் இன்னொரு கதவும் வைத்தார். காலை விடிந்ததும் தூரத்தில் பாறைக்குப் பின்னால் இருந்து கயிற்றை இழுத்து அதைத் திறந்துவிட்டார். அத்தை, உங்கள் புள்ளை இப்போது அந்தப் பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்திருக்கிறார். எறும்பு கடித்தாலும் அசையக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.

"தெறந்துட்டா பறந்துருக்குமே, பிறகென்ன?" என்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். பாறு கனத்த பறவை. படபடவென்று இறக்கையடித்து மேலே போகத் தெரியாது. வெயில் ஏறி, பாறை காய்ந்து, காற்று மேலே எழும்பி அதைத் தூக்க வேண்டும். அதுவரை வாசலில் உட்கார்ந்து காத்திருக்கும். இந்த நேரத்தில் வண்டிகளும் வாத்தியமும் மலையேறினால் ஒன்று, மிரண்டு உள்ளே ஓடிக் கம்பியில் முட்டி இறக்கையை முறித்துக்கொள்ளும். இல்லையென்றால், உங்களையெல்லாம் பார்த்து மயங்கி, மாப்பிள்ளை மாதிரி உங்கள் பின்னாலேயே வந்துவிடும். ஆகவே காற்று கிளம்பும்வரை யாராவது இந்தக் கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டும். நீட்டி முழக்கும் பேச்சால் உலகில் ஒரு நன்மையும் நடந்ததில்லை என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். இன்றைக்கு அதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது!

தலைவர் ஐயா எழுந்துவிட்டார். ஐயா, நீங்கள் கை காட்டினால் வண்டிகள் கிளம்பிவிடும், எனக்குத் தெரியும். என்னைச் சங்கத்திலிருந்து நீக்கலாம், அதுவும் தெரியும். நீக்குங்கள். நாளைக்கு நீக்குங்கள், இன்றைக்கு மட்டும் உட்காருங்கள் ஐயா. கெஞ்சிக் கேட்கிறேன்.

...

தலைவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவர் பக்கத்தில் ஒலிபெருக்கி இல்லை. அவர் சொன்னதை நானே சொல்கிறேன். "அந்தச் சுள்ளியெல்லாம் இன்னும் பால்கனியிலதான் கெடக்கு. யாரையும் பெருக்க விடல. எந்த வண்டியும் கெளம்பாது. நீங்க பேசுங்க டாக்டர். மெதுவாவே பேசுங்க."

ஐயா... கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். பேசச் சொன்ன பிறகு பேச்சு வரவில்லை, பாருங்கள்.

செயலாளர் அண்ணன் ஓட்டுநர்களை எல்லாம் டீ குடிக்க அனுப்பப் போயிருக்கிறார். ஓட்டமாக ஓடுகிறார், இந்த முறை சரியான திசையில் ஓடுகிறார். சிறப்பு விருந்தினர் ஐயா என் காதில், "அப்ப நான் பேசலாமா? ரொம்ப எழுதிக் கொண்டாந்திருக்கேன்" என்கிறார். ஐயா, அந்தக் கற்றையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுங்கள். அம்மாடி! சென்ற ஆண்டு அதைப் பார்த்திருந்தால் பாதி அரங்கம் காலியாகியிருக்கும். இன்று இந்த ஊர் தன் சரித்திரத்திலேயே முதல்முறையாக உங்களை வேண்டிக்கொள்கிறது: ஒரு பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்! மெத்தையின் பஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்!

மறுபடியும் கைப்பேசி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டீர்கள். படிக்கிறேன். "தண்ணி பாட்டில வண்டியிலயே விட்டுட்டேன். தாகமா இருக்கு." அத்தை, உங்கள் புள்ளையை நீங்கள் வளர்த்த விதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குஞ்சைக் கைப்பை இதைவிட நன்றாக வளர்த்திருக்கிறது.

அன்பர்களே, ஒன்று மட்டும் சொல்கிறேன், இதில் கேலி இல்லை. காப்பாற்றுவது என்றால் பக்கத்தில் போவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தொட வேண்டும், பெயர் வைக்க வேண்டும், அது நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும், நன்றியோடு ஒரு வட்டம் போட வேண்டும். அது நம் ஆசை. பறவையின் ஆசை காற்று. அந்த மலைக்குமேல் மிச்சமிருக்கும் சில பாறுகள் வெயில் ஏறினால் சுற்ற வரும். அவற்றைப் பார்த்து, நம் இனம் என்று இது நினைக்க வேண்டும். நம்மைப் பார்த்தால் பயந்து ஓட வேண்டும். நம்மைக் கண்டு அஞ்சி ஓடும் உயிரை நேசிக்க முடியுமா நமக்கு? நமக்கு ஒன்றும் தராத உயிரை? நம் பெயர் தெரியாத உயிரை? முடியும் என்றால் நாம் சங்கம். முடியாது என்றால் நாம் வெறும் பதா...

இருங்கள். கைப்பேசி.

நீளமாக எழுதியிருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். "காத்து வந்துச்சு. எறக்கைய விரிச்சுது. அவ்வளவுதான், போயிருச்சு. மேல சுத்திக்கிட்டிருந்த ரெண்டோட சேந்துக்கிச்சு. எனக்கு மனசு கேக்கல, எந்திரிச்சு நின்னு கையக்கூட ஆட்டிட்டேன். திரும்பியே பாக்கல."

திரும்பியே பார்க்கவில்லை!

தட்டுங்கள்! இப்போது தட்டுங்கள் கையை! மேசையைத் தட்டுங்கள், நாற்காலியைத் தட்டுங்கள், வாத்தியக் குழு அண்ணன்மாரே, எதற்குச் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள், அடியுங்கள்! எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம், இனிமேல் அதற்குக் கேட்காது! அத்தை, அழாதீர்கள். பேரன் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான் என்று வருத்தமா? அப்படிப் போகத்தான் அத்தை உங்கள் கைப்பையை வெட்டினோம். தலைவர் ஐயா, நீங்கள் மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம், யாரும் பார்க்கவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை வரவேற்புரை. ஆகையால் முறைப்படி எல்லோரையும் வருக வருக என்று வரவேற்று முடிக்கிறேன். போன பறவை உங்களுக்கு நன்றி சொல்லாது. நாம் யார் என்றே அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதற்குப் பதிலாக நான் சொல்கிறேன். நீங்கள் யாரும் மலைக்கு வராமல் இங்கேயே உட்கார்ந்திருந்ததற்கு நன்றி. வணக்கம்!